கழுத்து வலிக்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 46. இரண்டு வருடமாகக் கழுத்து வலி. நான்கு மாதமாக அந்த வலி வலது தோள்பட்டையிலிருந்து இறங்கிக் கட்டைவிரல் வரை போகிறது, விரல் மரத்துப்போகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "சி5-சி6 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, நரம்பை அழுத்துகிறது, பல இடங்களில் தேய்மானம்" என்று எழுதியிருக்கிறார்கள். (சி5, சி6 என்பவை கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகள். டிஸ்க் என்பது அவற்றுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு.) ஒரு மருத்துவர் "உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கைகால் விழுந்துவிடும்" என்கிறார். இன்னொருவர் "கழுத்தில் கத்தி வைக்கவே கூடாது" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவர் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்பவன். ஆகவே ஆபரேஷன் பக்கம்தான் சாய்வேன் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. ஆனால் வெறும் கழுத்து வலிக்காகக் கழுத்தைத் திறந்தால் பிறகு என்ன ஆகிறது என்பதைக் கிட்டே இருந்து பார்ப்பவர்களும் நாங்கள்தான். கழுத்தில் செய்யும் ஆபரேஷன், நசுங்கிக்கொண்டிருக்கும் நரம்பையோ தண்டுவடத்தையோ விடுவிப்பதற்கானது. கழுத்து வலி கூடவே குறைந்தால் அது லாபம். அதை நம்பி மேஜையில் படுக்கக் கூடாது.

உங்கள் மருத்துவர்களில் ஒருவர் செய் என்கிறார், இன்னொருவர் செய்யாதே என்கிறார். செய்தால் எது சரியாகும், எது சரியாகாது என்பதை இருவரும் சொன்னதாகத் தெரியவில்லை. அது தெரியாமல் முடிவெடுக்கவே முடியாது.

கழுத்து வலி என்று வருபவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்போம். பெரும்பாலானவர்களுக்கு வலி கழுத்தோடும் தோள்பட்டையின் மேல்பக்கத்தோடும் நின்றுவிடும். காலையில் எழுந்தால் பிடித்துக்கொண்டிருக்கும், குனிந்து வேலை பார்த்தால் ஏறும், சில நாள் பின்மண்டைக்குப் போய்த் தலைவலியாகும். கையில் மரப்பு இருக்காது, பலமும் குறையாது. 2020இல் உலகம் முழுக்க 20 கோடிப் பேருக்கு மேல் கழுத்து வலி இருந்ததாக உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு இந்த ரகம்தான். தசை, கழுத்தெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள், டிஸ்க், கெட்டுப்போன தூக்கம், மன இறுக்கம் என்று பலதும் சேர்ந்து உண்டாக்கும் வலி. இந்த இடத்திலிருந்துதான் வலி கிளம்புகிறது என்று விரல் வைத்துக் காட்டும் படம் எதுவும் இல்லை. இடம் தெரியாமல் இரண்டு எலும்பைச் சேர்த்துப் பூட்டினால் வலி அப்படியே இருக்கும், கூடுதலாக ஒரு பிளேட்டும் நாலு ஸ்க்ரூவும் இருக்கும். எலும்பு முறிவு, கிருமித்தொற்று, கட்டி, முடக்குவாதத்தால் மேல் கழுத்து எலும்புகள் நிலை தவறுவது போன்றவை வேறு கதை. அவற்றைத் தவிர்த்துப் பார்த்தால், கையில் எந்தத் தொந்தரவும் இல்லாத கழுத்து வலிக்கு ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள்.

இரண்டாவது, நரம்பு வேர் நசுங்குவது. கழுத்தில் 7 எலும்பு, அவற்றிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள் 8 ஜோடி. ஒவ்வொரு வேருக்கும் கையில் தனி எல்லை உண்டு. சி6 கெட்டால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரக்கும், முழங்கையை மடக்குவதும் மணிக்கட்டை மேலே தூக்குவதும் தளரும். சி7 என்றால் நடுவிரல், முழங்கையை நீட்டும் பலம். சி8 என்றால் சுண்டுவிரல் பக்கம், பிடிமானம். சி5-சி6 இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கினால் சாதாரணமாக மாட்டுவது சி6 வேர். உங்கள் வலி கட்டைவிரலுக்குப் போகிறது. படமும் சி5-சி6 என்கிறது. இரண்டும் பொருந்துகின்றன. அறிக்கையில் சி5-சி6 இருந்து, கையில் சுண்டுவிரல் மரத்திருந்தால் நான் ஆபரேஷன் பேச்சையே எடுக்க மாட்டேன், முழங்கையில் நரம்பு மாட்டியிருக்கிறதா என்று தேடுவேன்.

கட்டைவிரல் மரப்புக்கு மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதும் காரணமாக இருக்கலாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நடு ராத்திரி கை மரத்து விழிப்பதும், கையை உதறினால் சரியாவதும் மணிக்கட்டுப் பிரச்சினையின் அடையாளம். வலது கையைத் தூக்கி உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் கைவலி குறைகிறதா? குறைந்தால் அது கழுத்துப் பக்கம் கை காட்டுகிறது. தலையைச் சாய்த்து அண்ணாந்தால் வலி கைக்குள் பாய்ந்தாலும் அப்படித்தான். சந்தேகம் தீராவிட்டால் நரம்பு மின்கடத்தல் சோதனை ஒன்று எடுத்துப் பார்க்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. தோள்பட்டை மூட்டில் தசைநார் கிழிந்திருந்தாலும் அதைக் கழுத்து என்றே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது வகையில்தான் வலி குறைவு, ஆபத்து அதிகம். தண்டுவடமே நசுங்குவது. இது வலியில்லாமலே கூட வரும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறிப்போவது, சில்லறையைப் பொறுக்க முடியாமல் விரல் வழுக்குவது, நடக்கும்போது கால் கனப்பது, செருப்பு கழன்றது தெரியாமலே நாலடி போய்விடுவது, இருட்டில் தள்ளாடுவது. தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு அதிர்வு இறங்குவது. கடைசியில் சிறுநீரை அடக்க முடியாமல் போவது. இவை மெல்ல மெல்ல வருவதால் "வயசாகிவிட்டது" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில நேரம் மருத்துவமனையிலும் சொல்கிறார்கள். முதல் அறிகுறிக்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் நடுவே சராசரியாக இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு மணிக்கட்டிலும் ஆபரேஷன் செய்துகொண்டு, கை இன்னும் சரியாகவில்லையே என்று வந்த ஒருவரை எனக்கு நினைவிருக்கிறது. கையைப் பார்ப்பதற்கு முன்பே, அறைக்குள் அவர் சுவரைத் தொட்டுக்கொண்டு நடந்து வந்த விதத்திலேயே பிரச்சினை மணிக்கட்டில் இல்லை என்று தெரிந்தது.

வீட்டிலேயே சில சோதனைகள் செய்து பார்க்கலாம். கையை நீட்டி, விரல்களை முழுதாக மடக்கி முழுதாக விரியுங்கள், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. பத்து விநாடியில் 20 தடவைக்கு மேல் வர வேண்டும். விரல்கள் பிசுபிசுவென்று மெதுவாக விரிந்தாலோ, சுண்டுவிரல் மட்டும் தனியே விலகி நின்றாலோ கவனிக்க வேண்டிய விஷயம். பிறகு ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியில் ஒட்டி வைத்து, நேர்கோட்டில் பத்தடி நடந்து பாருங்கள். விழுந்துவிடாமல் பிடிக்க யாராவது பக்கத்தில் இருக்கட்டும். இவை சரியாக இருப்பதால் தண்டுவடம் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. ஆனால் இவற்றில் தடுமாறினால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முழங்காலில் சுத்தியலால் தட்டி, நடுவிரல் நகத்தைச் சுண்டி, பாதத்தின் அடியைக் கீறிப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள்.

தண்டுவடம் நசுங்கி இந்த அறிகுறிகள் வந்துவிட்டவர்களுக்கு நான் காத்திருக்கச் சொல்வதில்லை. 2017இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் நடுத்தர, கடுமையான பாதிப்புக்கு ஆபரேஷனைத்தான் பரிந்துரைக்கிறது. லேசான பாதிப்பு என்றால் ஆபரேஷனோ, கண்காணிப்போடு கூடிய மறுவாழ்வுப் பயிற்சியோ இரண்டில் ஒன்று. பயிற்சியில் நிலைமை மோசமானால் ஆபரேஷன். ஆபரேஷனின் முதல் நோக்கம் இனி மோசமாகாமல் நிறுத்துவது. பலருக்கு ஓரளவு திரும்பி வருகிறது, ஆனால் நீண்ட நாள் நசுங்கிக் கிடந்த தண்டுவடம் முழுதாக மீளாது. இங்கே தாமதத்துக்கு விலை உண்டு.

இப்போது "கைகால் விழுந்துவிடும்" என்ற மிரட்டலுக்கு வருகிறேன். உங்கள் வலியும் மரப்பும் ஒரே ஒரு வேரைச் சேர்ந்தவை. வேர் மட்டும் நசுங்குவதால் கால் விழாது. தண்டுவடம் படத்தில் அழுத்தப்பட்டதாகத் தெரிந்தாலும், அறிகுறி இல்லாதவர்களைத் தொடர்ந்து கவனித்த செக் நாட்டு ஆய்வு ஒன்றில் முதல் வருடத்தில் சுமார் 8 சதவீதம் பேருக்கும், பல வருடத் தொடர்கவனிப்பில் நான்கில் ஒருவருக்கும் குறைவாகவும்தான் தண்டுவட அறிகுறிகள் வந்தன. அலட்சியம் செய்யக்கூடிய எண் இல்லைதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டிய எண். பயந்துபோய் இந்த வாரமே கையெழுத்துப் போட வைக்கும் எண் அல்ல. உங்கள் அறிக்கையில் தண்டுவடத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள்: அழுத்தம் இருக்கிறதா, தண்டுவடத்துக்குள் நிறமாற்றம் தெரிகிறதா? நீங்கள் அனுப்பியதில் அந்த வரி இல்லை.

அறிக்கையில் பயமுறுத்தும் மற்ற சொற்களுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டாம். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே நான்கில் மூன்று பேருக்கு இருந்தது. 1990இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் வலியே இல்லாத, 40 வயதைத் தாண்டியவர்களில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு டிஸ்க் தேய்ந்தோ குறுகியோ இருந்தது. "பல இடங்களில் தேய்மானம்" என்பது 46 வயதில் முடி நரைப்பது மாதிரி. படத்தில் இருப்பதும் உடம்பில் இருப்பதும் பொருந்தும்போதுதான் படத்துக்கு அர்த்தம். சட்டையைக் கழற்றச் சொல்லாமல், கையின் பலத்தைத் தள்ளிப் பார்க்காமல், படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு ஆபரேஷன் தேதி கொடுப்பவரை நம்பி நான் என் வீட்டு ஆளை அனுப்ப மாட்டேன்.

காத்திருந்தால் என்ன ஆகும்? வேர் நசுங்கிய வலிக்கு இயற்கையே நல்ல துணை. பிதுங்கி வந்த டிஸ்க்கின் ஈரமான பகுதியை உடம்பு மெல்லக் கரைத்து இழுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. எலும்பு துருத்தி நசுக்குவது அப்படிக் கரையாது, ஆனால் வேரைச் சுற்றிய வீக்கம் வற்றினாலே வலி அடங்கிவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரில் 1976 முதல் 1990 வரை இந்த நோய் வந்த 561 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு அறிகுறி ஒன்றும் இல்லை, அல்லது வாழ்க்கையைத் தடுக்காத அளவுக்கு லேசாக இருந்தது.

நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. ஸ்வீடனில் 1990களில் 81 பேரை மூன்றாகப் பிரித்து ஆபரேஷன், பிசியோதெரபி, கழுத்துக் காலர் என்று கொடுத்தார்கள். மூன்று நான்கு மாதத்தில் ஆபரேஷன் செய்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் போனபோது மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு அதே நாட்டில் 63 பேரை வைத்து, ஆபரேஷனும் பிசியோதெரபியும் சேர்த்து ஒரு பக்கம், பிசியோதெரபி மட்டும் ஒரு பக்கம் என்று பார்த்தார்கள். முதல் வருடத்தில் ஆபரேஷன் பக்கம் வேகமாகத் தேறியது, இரண்டாவது வருடத்தில் இடைவெளி சுருங்கியது. ஆனால் 5 முதல் 8 வருடம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷன் பக்கத்தின் கைதான் ஓங்கியிருந்தது. ஆகவே "காத்திருந்தால் எல்லாம் ஒன்றுதான்" என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. சின்ன ஆய்வுகள். ஆபரேஷன் சீக்கிரம் குணம் தருகிறது, காத்திருப்பதும் பலருக்குக் குணம் தருகிறது. சீக்கிரத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஆபரேஷனின் அபாயம். அந்த விலை உங்களுக்குக் கட்டுபடியாகுமா என்பது உங்கள் வேலை, தூக்கம், வலியின் கடுமை இவற்றைப் பொறுத்தது. அதை நான் சொல்ல முடியாது.

"எல்லா சிகிச்சையும் பார்த்துவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். இதைச் சொல்பவர்களிடம் நான் நோண்டிக் கேட்பது வழக்கம். பிசியோதெரபி என்றால் என்ன செய்தார்கள்? படுக்கவைத்துச் சூடு வைத்து, மின்சாரப் பட்டை ஒட்டி, கழுத்தை இழுத்துவிட்டு அனுப்பியிருந்தால் அது சிகிச்சையில் பாதி கூட இல்லை. கழுத்தின் முன்பக்க ஆழத் தசைகளையும், தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் தசைகளையும் பலப்படுத்தும் பயிற்சி, வாரத்துக்குச் சில நாள், எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, குறைந்தது ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் செய்ய வேண்டும். பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 180 அலுவலகப் பெண்களை வைத்து 2003இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருடம் பலப்பயிற்சி செய்தவர்கள் வெறுமனே தசையை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிடத் தெளிவாக மேலாக இருந்தார்கள். உங்கள் இரண்டு வருடக் கழுத்து வலிக்கு, அதாவது கைக்கு இறங்காத அந்தப் பழைய வலிக்கு, என்னிடம் இருப்பதில் நல்ல மருந்து இதுதான். சலிப்பானது, பலரும் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுவது. காலரைத் தூக்கிப் போடுங்கள். கடுமையான வலியில் சில நாள் போடலாம், மாதக்கணக்கில் போட்டால் தசை இளைக்கும்.

கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். நரம்பு நசுங்கியிருக்கிற கழுத்தில் அது விளையாட்டு அல்ல, கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் அரிதாக உண்டு.

மாத்திரையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: வலி, வீக்கம் குறைக்கும் மருந்து குறுகிய காலத்துக்கு, வயிறும் சிறுநீரகமும் தாங்கினால். நரம்பு வலி மருந்து சிலருக்கு ராத்திரி தூக்கத்தையாவது கொடுக்கும். ஊசி பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். வேரைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போடுவது சிலருக்குப் பல வாரம் நிம்மதி தருகிறது. வலிக்குக் காரணம் அந்த வேர்தானா என்பதை உறுதிசெய்யவும் உதவுகிறது. ஆனால் கழுத்துப் பகுதியில் அதற்கு அரிதான, மிகக் கடுமையான அபாயம் உண்டு: பக்கவாதம், தண்டுவடச் சேதம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் இதற்காக எச்சரிக்கையே விட்டது. போடுவதாக இருந்தால் எக்ஸ்ரே திரையின் கீழ், துகள் இல்லாத ஸ்டீராய்டை வைத்து, அதில் கை தேர்ந்தவரிடம் மட்டும்.

ஆபரேஷன் என்று முடிவானால், உங்கள் மாதிரி ஒரே இடத்துக்கு மூன்று வழி உண்டு. பரவலாகச் செய்வது, கழுத்தின் முன்பக்கத்தில் சிறு கீறல் போட்டு, உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கிவிட்டு, டிஸ்க்கை எடுத்து, அந்த இடத்தில் எலும்புத் துண்டையோ சிறு கூண்டு போன்ற ஒரு பொருளையோ வைத்து இரண்டு எலும்பையும் ஒன்றாக்குவது. 1950களில் தொடங்கிய முறை, இன்றும் அடிப்படை மாறவில்லை. இரண்டாவது, டிஸ்க்கை எடுத்துவிட்டு அசையும் செயற்கை டிஸ்க் வைப்பது. அமெரிக்காவில் கழுத்துக்கான முதல் செயற்கை டிஸ்க்குக்கு 2007இல் அனுமதி கிடைத்தது. பின்பக்க மூட்டுகள் மிகவும் தேய்ந்திருந்தாலோ எலும்பு பலவீனமாக இருந்தாலோ இது பொருந்தாது. மூன்றாவது, பின்பக்கமாக நரம்பு வெளியேறும் துவாரத்தை மட்டும் அகலப்படுத்துவது. எதையும் பூட்ட வேண்டியதில்லை, ஆனால் நசுக்கும் பொருள் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் தண்டுவடத்தைத் தாண்டிப் போக முடியாது. எந்த வழி என்று கேட்டால் காரணத்தோடு பதில் வர வேண்டும். "நான் இதுதான் செய்வேன்" என்பது காரணம் அல்ல. ஒரு வேர் வலிக்கு மூன்று இடத்தைச் சேர்த்துப் பூட்டலாம் என்று சொன்னால், மற்ற இரண்டு இடத்துக்கும் என்ன தேவை என்று விடாமல் கேளுங்கள்.

சரியான ஆளுக்குச் செய்தால் கைவலி குறையும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பத்தில் எட்டு ஒன்பது பேருக்குக் குறைகிறது. கைவலிதான் முதலில் போகும், சிலருக்கு மயக்கம் தெளிந்ததுமே. பலம் திரும்ப மாதங்கள் ஆகும். மரப்பு கடைசியில்தான் போகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். கழுத்துக்குள் இருக்கும் அந்தப் பழைய வலி? பாதி குறைந்தால் மகிழ்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தைப் பூட்டினால் தலை திரும்பாது என்று பயப்பட வேண்டாம். தலை திரும்புவதில் பாதி, மேலே உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே நடக்கிறது.

அபாயங்களில் சாதாரணமானது, முன்பக்கமாகச் செய்தால் விழுங்கச் சிரமமும் குரல் கம்முவதும். பெரும்பாலும் சில நாளில் அல்லது வாரங்களில் போய்விடும், சிலருக்கு நீடிக்கும். பாட்டு, வகுப்பு, பேச்சு என்று குரலை வைத்துப் பிழைப்பவராக இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவே மாறலாம். எலும்பு சேராமல் போவது உண்டு. புகைபிடிப்பவர்களுக்கு இது அதிகம். புகையை விட முடியாது என்பவரிடம் அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைப்பது நியாயம் என்றே நினைக்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தொற்று அபாயம் ஏறும். ஆபரேஷன் முடிந்த முதல் நாளில் கழுத்தில் ரத்தம் கட்டி மூச்சை அடைப்பது அரிது, ஆனால் நிமிடக் கணக்கில் கவனிக்க வேண்டிய அவசரம். அன்றே வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றால் ராத்திரி மூச்சு முட்டினால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். தண்டுவடச் சேதம் மிக அரிது, இல்லவே இல்லை என்று சொல்பவர் உண்மை சொல்லவில்லை. பூட்டிய இடத்துக்கு மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் பிறகு தொந்தரவு தரலாம். 1999இல் வெளியான, இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வில் வருடத்துக்குச் சுமார் 2.9 சதவீதம் பேருக்கு, பத்து வருடத்தில் கால்வாசிப் பேருக்கு இப்படிப் புது அறிகுறிகள் வந்தன. பூட்டியதால் வந்ததா, எப்படியும் தேய இருந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

உங்கள் நிலைமையில் என் கணிப்பு: ஆபரேஷன் தப்பில்லை, அவசரமும் இல்லை. வலி, மரப்பு, படம் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. நான்கு மாதம் ஓடிவிட்டது. முழங்கையை மடக்கும் பலமும் மணிக்கட்டைத் தூக்கும் பலமும் நன்றாக இருந்து, தண்டுவட அறிகுறி எதுவும் இல்லையென்றால், முறையான பயிற்சியோடு இன்னும் ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாம். அந்தக் கெடு முடிந்தும் கைவலி தூங்கவிடாமல், வேலை செய்யவிடாமல் இருந்தால் ஆபரேஷனை நோக்கிப் போவதில் எனக்குத் தயக்கம் இல்லை. முடிவில்லாமல் இழுக்கவும் வேண்டாம். கைவலி ஆறு மாதத்தைத் தாண்டிய பிறகு செய்யும்போது பலன் சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. கைவலி அடங்கிக் கழுத்து வலி மட்டும் மிஞ்சினால் ஆபரேஷனை மறந்துவிடுங்கள். பின்பக்கச் சிறு மூட்டுகளிலிருந்து வருகிற வலி என்று தற்காலிக மரப்பு ஊசியால் உறுதியானால், அந்த மூட்டின் சிறு நரம்பைச் சூட்டால் செயலிழக்கச் செய்யும் முறை ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் நிம்மதி தரும், பிறகு திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

காத்திருக்கும் காலத்தில் கையில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: வாரம் ஒருமுறை கைவலி எவ்வளவு, கழுத்து வலி எவ்வளவு என்று தனித்தனியாக, பத்துக்கு எத்தனை என்று. இரண்டையும் சேர்த்து எழுதினால் எந்தப் பயனும் இல்லை. அதே நாளில் விரலை மடக்கி விரிக்கும் சோதனையையும் நடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை திடீரென்று தளர்ந்து பாத்திரம் நழுவ ஆரம்பித்தால், தூக்கிய கை நிற்காமல் விழுந்தால், நடை தள்ளாடினால், இரண்டு கையும் மந்தமானால், சிறுநீர் மலம் கட்டுப்பாடு மாறினால் எட்டு வாரக் கெடு செல்லாது, அன்றே போங்கள். காய்ச்சலோடு கழுத்து வலி, காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக ராத்திரி வலி, விழுந்து அடிபட்ட பிறகு வலி என்றாலும் அப்படியே.